குளிர்காலத்தில் தெரியும் நிலம்

ஊற்று ஓடையில் ட்ரவுட் என்னும் மீனைப் பிடிக்கிறவர்களில் பெரும்பாலோர் கோடையைத்தான் விரும்புகிறார்கள். ஆனால் ஓர் ஓடையின் குணத்தை அறிய வேண்டுமானால் கடுங்குளிரில்தான் போக வேண்டும். அமெரிக்காவில் விஸ்கான்சின், மின்னசோட்டா, அயோவா, இல்லினாய் மாநிலங்கள் அடுத்தடுத்து நிற்கும் டிரிஃப்ட்லெஸ் வட்டாரம் இதற்கு நல்ல சான்று. பனியுகத்தின் கடைசிப் பனிப்பாளங்கள் மூடாமல் விலகிப்போன மேட்டுநிலம் அது. சுண்ணாம்புக்கல்லும் மணற்கல்லும் அடுக்கடுக்காய் அமைந்திருப்பதால், மலைச்சரிவில் இறங்கும் மழை பாறையிடுக்குகளில் தங்கிப் பள்ளத்தாக்குகளில் ஊற்றாகப் புறப்படுகிறது. அந்நீர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 9 டிகிரி செல்சியஸ். மார்கழி விடியலில் நம் கிணற்று நீர் வெதுவெதுப்பாக இருப்பதும் இதே காரணத்தால்தான்: நிலத்தடி, மேலேயுள்ள பருவத்தைப் பொருட்படுத்துவதில்லை. கோடையில் எல்லா ஓடைகளும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஜனவரியில் மற்றவை உறைந்துவிட, ஊற்று ஓடை மட்டும் ஆவி பறக்க ஓடிக்கொண்டிருக்கும்.

மீன் எங்கே நிற்கிறது என்பதிலும் ஊற்றின் இந்த இயல்பு தெரிகிறது. குளிர்ந்த நீரில் ட்ரவுட்டின் செரிமானம் மந்தமாகிவிடும். இரைக்காக அது வெகுதூரம் நகராது. ஊற்று கலக்கும் இடத்துக்குக் கீழேயுள்ள ஆழமான, மெதுவான மடுக்களில் அடித்தரையை ஒட்டி நிற்கும். அதன் உணவு, கற்களிடையே வாழும் இறாலைப் போன்ற சிற்றுயிர்களும் மிட்ஜ் என்னும் கடிக்காத குட்டிப் பூச்சிகளும். டயமீசா என்ற மிட்ஜ் வகை குளிர்காலத்திலேயே நீரைவிட்டு வெளிவந்து, கரைப்பனியின் மேல் ஊர்ந்து திரியும். அதனால்தான் இக்காலத்தில் தூண்டிலில் கட்டும் செயற்கைப் பூச்சி, நகத்தின்மேல் வைத்தாலும் இடம் மிச்சமிருக்கும் அளவுக்குச் சிறியதாக இருக்கிறது. வெயிலடிக்கும் நாளே நல்ல நாள் என்று புதியவர்கள் எண்ணுவார்கள். ஆனால் வெயிலில் உருகும் பனி, பூஜ்யம் டிகிரிக்குச் சற்றே மேலான நீராக ஓடையில் விழுந்து அதைக் குளிர்வித்துவிடும். காற்று இதமாகும்போது ஓடை சில்லிட்டுப்போகும். மேகம் மூடிய நாளே பல சமயம் மேல்.

இந்த உருகுநீர் எவ்வழியே வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மண்ணில் இறங்கினால் என்றைக்கோ ஊற்றாக, 9 டிகிரியில் திரும்பும். மண் இறுகியோ வெறுமையாகவோ கிடந்தால் சேற்றையும் அள்ளிக்கொண்டு நேரே ஓடையில் பாயும். விஸ்கான்சினின் கூன் பள்ளத்தாக்கு இதற்குச் சாட்சி. செங்குத்தான சரிவுகளை உழுதும் மாடு மேய்த்தும் பாழாக்கியதால், 1930களில் அங்கே ஓடைகள் வெள்ளத்திலும் வண்டலிலும் சீரழிந்திருந்தன. 1933இல், அமெரிக்காவின் முதல் நீர்ப்பிடிப்புப் பகுதி மண்பாதுகாப்புத் திட்டம் அங்கேதான் தொடங்கியது. சமமட்டக் கோட்டில் உழுதார்கள். பட்டைப் பட்டையாக மாற்றுப்பயிர் இட்டார்கள். சரிவுக் காடுகளில் மாடுகளை விடுவதை நிறுத்தினார்கள். பல பத்தாண்டுகளில் வெள்ளம் தணிந்தது, ஊற்றுநீர் பெருகியது, ட்ரவுட்டும் தழைத்தது. மீனை மீட்டது, மீன்குஞ்சு விடுவதைவிட அதிகமாக, உழவு முறைதான்.

குளிர்காலத்தில் மீன் பிடிப்பதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். ஒன்று, பழுப்பு ட்ரவுட் இலையுதிர்காலத்தில் சரளைக்கற்களில் இட்ட முட்டைகள் குளிர்காலம் முழுக்க அங்கேதான் கிடக்கின்றன. கால் பட்டால் நசுங்கும். இது உண்மை. ஆகவே நீரில் இறங்காமல் கரையிலிருந்தே வீச வேண்டும். பாசி நீங்கிப் பளிச்சென்று தெரியும் சரளைத் திட்டுகளை மிதிக்கவே கூடாது. இரண்டாவது, நாம் சாப்பிடப்போகாத மீனை ஏன் துன்புறுத்த வேண்டும் என்பது. விஸ்கான்சினில் ஜனவரியில் தொடங்கும் முன்பருவத்தில் பிடித்ததைத் திரும்ப விட்டாக வேண்டும். விடப்படுவதால் துன்பம் இல்லாமல் போய்விடாது. உறைநிலைக்கும் கீழான காற்றில் தூக்கிப் பிடித்தால் செவுள்கள் உறைந்து பழுதாகலாம். எனவே மீனை நீருக்கு வெளியே எடுக்காமலே விடுவிப்பதும், தூண்டில் கோலின் வளையங்களில் பனிக்கட்டி ஓயாமல் கட்டுமளவு குளிர்ந்தால் வீடு திரும்புவதும் குறைந்தபட்ச நேர்மை. அதற்கு மேலும் ஒரு கடன் உண்டு. ஓடையை அனுபவிப்பவர், அதற்கு நீர் தரும் வயல்கள் எப்படி உழப்படுகின்றன என்பதிலும் அக்கறை கொள்ள வேண்டும். அக்கறை தண்ணீரின் விளிம்போடு நின்றுவிட்டால், மீனை வருத்தியதற்கு அவரிடம் நியாயமான பதில் இராது.