எட்டு எழுத்துக்குள் ஒரு வாழ்த்து

நகைச்சுவைக்கு உரை எழுதுவது பாவம் என்பார்கள். சென்ற மாதம் எங்கள் வாசக வட்டத்தில் அந்தப் பாவத்தைச் செய்தோம்.

1995 ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95 வெளியானது. அதையொட்டிப் போட்டியாளரான ஆப்பிள், வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் ஒரு விளம்பரம் தந்தது. ஆங்கில வாழ்த்துச் சொல்தான், ஆனால் உருக்குலைந்த நிலையில். 'கங்கிராஜுலேஷன்ஸ்' என்பதன் முதலெழுத்தான 'சி', அதையடுத்து முக்காற்புள்ளி, சாய்கோடு, பிறகு உயிரெழுத்துகள் பெரும்பாலும் உதிர்ந்துபோன எட்டு எழுத்துகள், ஒரு புள்ளி, 'டபிள்யூ 95'.

கணினித் துறை நண்பர்கள் சிரித்தார்கள். மற்றவர்கள் உரை கேட்டோம். 'சி' என்பது கணினியின் வன்தட்டைக் குறிக்கும் எழுத்து. மைக்ரோசாஃப்டின் டாஸில் கோப்பின் பெயர் எட்டு எழுத்தைத் தாண்டக்கூடாது. புள்ளிக்குப் பின் மூன்று. மெக்கின்டாஷிலோ 1984 முதலே நீண்ட பெயர் சூட்டலாம். வாழ்த்துகூட உங்கள் வீட்டில் முழுதாக நுழையாது என்பதே ஏளனம். உண்மையில் 255 எழுத்துவரை பெயர் வைக்க வழிசெய்ததே விண்டோஸ் 95தான். ஆயினும் பழைய நிரல்களுக்காக ஒவ்வொரு நீண்ட பெயருக்கும் உள்ளே ஒரு குட்டைப் பெயரை ஒளித்து வைத்திருந்தது. எனவே கேலி பாதி பலித்தது என்போம்.

தமிழாக்க முயன்று தோற்றோம். 'வாழ்த்துகள்' ஆறெழுத்து; ஒற்று மிகும் என்று வாதிடுபவர்களுக்கு ஏழு. இரண்டுமே வெட்டுப்படாமல் உள்ளே நுழைந்துவிடுகின்றன!

அப்போதுதான் ஒருவர் பையிலிருந்து அந்த நெகிழ்வட்டை எடுத்தார். மறைந்த எங்கள் மூத்த நண்பருடையது. டாஸ் காலத்தில் கதைகளைத் தட்டச்சு செய்து சேமித்தவர். எட்டுக்குள் அடக்கும் பழக்கத்தில், சிறிய பெயர்களிலும் உயிரெழுத்துகளை விட்டுவிடுவார். எந்தச் செயலியில் எழுதினார் என்பது தெரியாததால் கோப்புகளைத் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரிகின்றன. கையில் மிஞ்சியவை பெயர்கள் மட்டும்.

ஒரு கோப்பின் பெயர் ஆங்கில எழுத்தில் 'கே எல் எம் 2'. காலமா, களமா, கலமா? இரண்டாம் படி என்றால் முதற்படி எங்கே? விளம்பரத்துக்குச் சிரித்த நண்பர்கள் இப்போது சிரிக்கவில்லை. பெரும்பாலோர் 'காலம்' என்றோம். ஒருவர் மட்டும் 'கோலம்' என்பதில் உறுதியாக இருக்கிறார். கோப்பின் தேதி 1993 டிசம்பர் 20, மார்கழி தொடங்கிய வாரம் என்கிறார்.