பாட்டி ஓட்டிய வீடு

அமெரிக்காவில் 'ஸ்னோபேர்ட்' என்று ஒரு சொல் உண்டு. பனிப்பறவை. ஏதோ பறவை இனம் என்று நினைத்துவிடாதீர்கள் :) வடக்கே பனி கொட்ட ஆரம்பித்ததும் மூட்டை கட்டிக்கொண்டு தெற்கே கிளம்பி, வெயில் ஏறியதும் ஊர் திரும்புகிற ரிட்டையர் ஆனவர்களுக்குத்தான் அந்தப் பெயர். சிலர் ஃப்ளோரிடா போவார்கள். இன்னொரு கூட்டம் வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு அரிசோனா, கலிஃபோர்னியா, நியூ மெக்சிகோ பாலைவனங்களுக்குப் போகும். ஆர்.வி. என்பார்கள். கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், குளியலறை, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி.

அப்படிப் போகிற ஒரு ஜோடியின் கதை இது. மினசோட்டாக்காரர்கள். பெயர் எதற்கு, தாத்தா பாட்டி என்றே வைத்துக்கொள்வோம். தாத்தாவுக்கு 74. பாட்டிக்கு 71. அவர் தபால் ஆபீஸில் இருந்தவர், அவர் மனைவி பள்ளிக்கூட நூலகத்தில். வண்டி 34 அடி நீளம். பின்னால் ஒரு சின்னக் காரையும் கட்டி இழுத்துப் போவார்கள். ஒன்பது வருடமாக ஓட்டுவது தாத்தா, வழி சொல்வது பாட்டி.

ஜனவரியில் மினசோட்டாவில் இரவு மைனஸ் 15 டிகிரி என்பதெல்லாம் சர்வசாதாரணம். அதே ஜனவரியில் அரிசோனாவின் குவார்ட்சைட்டில் பகலில் 20 டிகிரி. நடுவில் இருப்பது ஏறத்தாழ 2900 கிலோமீட்டர். இந்த மாதிரி வண்டி லிட்டருக்கு 3 அல்லது 4 கிலோமீட்டர்தான் கொடுக்கும். கணக்குப் போட்டால் தலை சுற்றும். ஆனால் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் செலவு அதிகமில்லை. அதுதான் சூட்சுமம்.

குவார்ட்சைட் ஒரு சின்ன ஊர். 2020 கணக்கெடுப்பில் மொத்தமே 2,413 பேர். குளிர்காலம் வந்தால் ஊரைச் சுற்றி இருக்கிற பாலைவனம் முழுக்க வண்டிகளாக நிற்கும். அந்த நிலமெல்லாம் மத்திய அரசின் நில நிர்வாகத் துறையுடையது. நீண்ட நாள் தங்குவதற்கென்றே 1983-இல் தனி இடங்களை ஒதுக்கினார்கள். ஊருக்குத் தெற்கே இருக்கிற லா போஸா அதில் ஒன்று. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதம் தங்கிக்கொள்ளலாம். பல வருடம் இதற்குக் கட்டணம் 180 டாலராகவே இருந்தது. கரண்ட் கிடையாது, குழாய் கிடையாது, எல்லைக்கோடு கிடையாது. பிடித்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

ஊருக்குள் ஒரு வேடிக்கையான சமாதி இருக்கிறது. பிரமிடு வடிவம், உச்சியில் ஒரு ஒட்டகம். 1850-களில் அமெரிக்க ராணுவம் இந்தப் பாலைவனத்தில் சாமான் தூக்க ஒட்டகங்களை இறக்குமதி செய்தது. அவற்றோடு 1856-இல் வந்தவர் ஹாஜி அலி. சிப்பாய்கள் வாயில் அது 'ஹாய் ஜாலி' ஆகிவிட்டது! ஒட்டகத் திட்டம் ஊற்றிக்கொண்டது, மனிதர் மட்டும் ஊர் திரும்பாமல் இங்கேயே வாழ்ந்து 1902-இல் இறந்தார். தாத்தாவும் பாட்டியும் ஒவ்வொரு வருடமும் போனதும் முதல் வேலையாக அவரைப் பார்த்துவிட்டு வருவார்கள்.

பாலைவனத்தில் வாழ்க்கை எப்படி என்றால், எல்லாம் அளவுதான். தண்ணீர்த் தொட்டி சுமார் 200 லிட்டர். குளிக்கும்போது உடம்பை நனைத்து, குழாயை மூடி, சோப்பு போட்டு, மறுபடி திறந்து அலச வேண்டும். வெந்நீர் வருகிற வரை வரும் பச்சைத் தண்ணீரை வாளியில் பிடித்துவைத்து பாத்திரம் கழுவுவார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒரு தொட்டி, கக்கூஸுக்குத் தனியாக ஒரு தொட்டி. இரண்டும் நிரம்பினால் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய் அதற்கான இடத்தில் கொட்டிவிட்டு, நல்ல தண்ணீர் பிடித்து வர வேண்டும். கூரை மேல் சோலார் தகடு. பகலில் பேட்டரி ஏறும், ராத்திரி ஹீட்டரின் மின்விசிறி அதைத் தின்றுவிடும். 'இன்னிக்கு எவ்வளவு மிச்சம்?' என்பதுதான் காலையில் எழுந்ததும் முதல் பேச்சு. சண்டை வந்தால் கோபித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போக முடியாது. அடுத்த அறையே கிடையாதே :)

அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஜாலிக்காக வந்தவர்கள் என்று எண்ண வேண்டாம். ஒரு பக்கம் பல லட்சம் டாலர் பஸ். கொஞ்சம் தள்ளி ஒரு பழைய வேன், அதற்குள் ஒரு தனி மனுஷி. 2008 சரிவில் வீட்டையும் சேமிப்பையும் இழந்து வண்டியே வீடாகிப்போனவர்கள் நிறைய. இவர்களைப் பற்றி ஜெசிகா புரூடர் 2017-இல் 'நோமேட்லேண்ட்' என்று புத்தகம் எழுதினார். அதைப் படமாக எடுத்த குளோயி ஜாவோ 2021-இல் ஆஸ்கார் வாங்கினார். தாத்தா பாட்டிக்கு ஊரில் வீடு இருக்கிறது, பென்ஷன் வருகிறது. தங்களுக்குத் திரும்பிப் போக ஒரு கதவு இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பத்தாவது வருடம் நியூ மெக்சிகோவில் மேற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். சாயங்கால வெயில் நேராகக் கண்ணில். திரும்ப வேண்டிய இடத்தை தாத்தா விட்டுவிட்டார். பாட்டி இரண்டு தடவை சொல்லியும் பலகை அவர் கண்ணில் படவில்லை. ஒன்றும் பேசாமல் அடுத்த வழியில் இறங்கினார். அன்றிலிருந்து மூன்று மணிக்கே எங்காவது நிறுத்த ஆரம்பித்தார். கேட்டால் 'களைப்பு' என்றார். குவார்ட்சைட் வந்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது. கோடையிலேயே கண் டாக்டர் சொல்லிவிட்டாராம். விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிறது. பகலில் இப்போதைக்கு ஓட்டலாம். இன்னும் எத்தனை வருடம் என்று சொல்ல முடியாது.

ஜனவரியில் பாட்டியின் கடைவாய்ப் பல்லுக்காக மெக்சிகோவின் லாஸ் அல்கோடோனெஸ் போனார்கள். அமெரிக்க முதியவர்களுக்கான அரசாங்க மருத்துவக் காப்பீடு பொதுவாகப் பல்லுக்குச் செலவு செய்யாது. அதனால் எல்லைக்கு அந்தப் பக்கம் நூற்றுக்கணக்கான பல் டாக்டர்கள். காரை இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, பாஸ்போர்ட்டோடு நடந்தே போய்விடலாம். மூக்குக்கண்ணாடிக் கடைகளும் உண்டு. தாத்தா புதுக் கண்ணாடி ஒன்று போட்டுப் பார்த்தார். ஓரத்தில் இருப்பதெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. நடுவில் அதே மங்கல். கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். திரும்பும்போது கார் சாவியை பாட்டி வாங்கிக்கொண்டார்.

கார் சரி. வீடு?

பக்கத்தில் நின்ற வண்டி கனடாவின் சஸ்காட்சுவானிலிருந்து தனியாக ஓட்டி வந்த ஒரு விதவையுடையது. அவர் கணவருக்குப் பக்கவாதம் வந்ததும் இதே பாலைவனத்தில்தான். அப்போது அவருக்கு வண்டியைக் கிளப்பக்கூடத் தெரியாது. மகன் விமானத்தில் வந்து ஓட்டிப்போக வேண்டியிருந்தது. "கத்துக்க வேண்டிய நாள் அது இல்ல" என்றார் அந்த அம்மா. வேறு எதுவும் சொல்லவில்லை. டெக்சாஸின் லிவிங்ஸ்டனில் எஸ்கேப்பீஸ் என்ற ஆர்.வி. சங்கத்தின் இடம் ஒன்று இருக்கிறது. இனி ஓட்ட முடியாது என்றானவர்கள் தங்கள் வண்டியை அங்கே நிறுத்தி அதிலேயே வாழலாம். பார்த்துக்கொள்ள ஆட்கள் உண்டு. அதையும் அந்த அம்மாதான் சொன்னார். தாத்தா ஆர்வமாகக் கேட்டார். பாட்டி எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை பாட்டி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்.

இவ்வளவு பெரிய வண்டிக்குக்கூட அங்கே பெரும்பாலான மாநிலங்களில் சாதாரண கார் லைசென்ஸே போதும். ஆனால் ஓட்டுவது கார் மாதிரி இல்லை. முன்சக்கரத்துக்கும் முன்னால் ஓட்டுநர் உட்கார்ந்திருப்பதால், 'இப்போது திருப்பணும்' என்று தோன்றிய பிறகும் கொஞ்சம் தள்ளிப்போய்த்தான் திருப்ப வேண்டும். இந்தப் பக்கம் திரும்பினால் வால் அந்தப் பக்கம் வெளியே தள்ளும். பின்னால் காரைக் கட்டியிருந்தால் ரிவர்ஸே எடுக்கக் கூடாது. மாட்டிக்கொண்டால் இறங்கிக் காரைக் கழற்ற வேண்டியதுதான். லா போஸாவின் வெட்டவெளியில் தண்ணீர் வாளிகளை வரிசையாக வைத்து மூன்று வாரம் பழகினார். ஆறு வாளி நசுங்கியது. தாத்தா கத்தினார், பாட்டி திருப்பிக் கத்தினார். கடைசியில் கனடா அம்மா தாத்தாவை நாற்காலி போட்டுத் தூரமாக உட்காரச் சொல்லிவிட்டு, தானே பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

முதல் சவாரி தொட்டி காலி செய்யும் இடம் வரை. அடுத்தது நெடுஞ்சாலையில், கொலராடோ ஆற்றைத் தாண்டி பிளைத் வரை, சுமார் 35 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் லாரிகள். பாட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. பிளைத்தில் வண்டியை நிறுத்திய பிறகு கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கை விடவே இல்லையாம்.

ஏப்ரல் வந்தது. வெயில் 30 டிகிரியைத் தாண்டியது. வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. தாத்தா காரைக் கட்டினார், சங்கிலியை இரண்டு முறை சரிபார்த்தார், விளக்கு எரிகிறதா என்று பார்த்தார். பழக்க தோஷத்தில் இடது பக்கக் கதவு வரை நடந்துவிட்டு, பிறகு சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய் ஏறினார்.

மினசோட்டா வரை பாதி தூரம் பாட்டிதான் ஓட்டினார். வழி சொல்லும் வேலை தாத்தாவுக்கு. இரண்டு இடத்தில் தப்பாகச் சொன்னார். ஒவ்வொரு இறக்கத்திலும் அவருடைய வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தது. பாட்டி அதைப் பார்த்தும் பார்க்காதது போல ஓட்டினார்.

அடுத்த நவம்பருக்கும் கிளம்புவதாக முடிவு.