நிலத்துக்குக் கீழே என்ன இருக்கிறது

லண்டனில் ஹீற்றிங் வேலைக்குப் போகிற வீடுகளில் எங்கள் சனம் முதலில் கேட்பது விலை. அடுத்த கேள்வி, "தம்பி, இனி வீட்டுக்குள்ள சொக்ஸ் போடத் தேவையில்லை எல்லோ?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வீடு எப்போது கட்டினது? பலருக்குத் தெரியாது. வாங்கிய ஆண்டு தெரியும், மோட்கேஜ் முடிகிற மாதம் தெரியும், கட்டிய காலம் தெரியாது. ஆகவே வெளியே போய்ச் சுவரின் அடியைப் பார்ப்பேன். அங்கே ஓட்டை ஓட்டையாக எயார் பிறிக் தெரிந்தால் உள்ளே மரத்தளம். பிறகு பேச்சு வேறு மாதிரிப் போகும்.

நிலத்துக்கடியில் சுடுதண்ணீர் ஓடவிடுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. 16 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் பைப்பை 15, 20 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு வளைத்து வளைத்துப் படுக்கவைப்போம். இரண்டு நுனிகளையும் தண்ணீரைப் பிரித்துவிடுகிற மனிபோல்டில் கொண்டுவந்து பூட்டுவோம். ரேடியேற்றருக்கு 70 பாகை வரையில் தண்ணீர் அனுப்புகிற பழைய வழக்கத்துக்கு மாறாக இதற்கு 35 முதல் 45 பாகை போதும். முழு அறையின் நிலமும் சூடு தருகிறதே. ஆனால் சூடு எப்போதும் மேலேதான் போகும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. மேலே போவது சூடான காற்று. கொங்கிறீற்றுக்குள் அகப்பட்ட சூட்டுக்கு மேல் கீழ் தெரியாது, எந்தப் பக்கம் குளிரோ அந்தப் பக்கம் போகும். அடியில் காப்புப் பலகை இல்லாவிட்டால் நீங்கள் காஸுக்குக் கட்டுகிற காசில் ஒரு பங்கு லண்டன் களிமண்ணைச் சூடாக்கும்.

புது வீட்டில் இதுபற்றிக் கதைக்க ஒன்றுமில்லை. வரைபடத்திலேயே காப்பு, பைப், மேலே 65 அல்லது 75 மில்லிமீற்றர் சீமெந்து ஸ்கிரீட் என்று எல்லாம் போட்டிருக்கும். போய்ப் பதித்துவிட்டு வரலாம். சலிப்பான வேலை, நல்ல காசு.

ஈஸ்ற்ஹாம் பக்கத்து வரிசை வீடுகள் அப்படியல்ல. விக்ரோறியா அரசியின் கடைசிக் காலத்திலும் அதையடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளிலும் எழும்பியவை அவற்றில் அதிகம். கட்டியவர்கள் விசயம் தெரிந்தவர்கள். மண்ணிலிருந்து ஈரம் ஏறும் என்று தெரிந்துதான் நிலத்தை மண்ணில் வைக்காமல் மரச்சட்டங்களில் தூக்கி வைத்தார்கள். அடியில் வெற்றிடம், முன்சுவரிலும் பின்சுவரிலும் எயார் பிறிக். காற்று ஒரு பக்கத்தால் புகுந்து மறுபக்கத்தால் போகும். மரம் காய்ந்தபடியே இருக்கும். நூறு வருடம் தாண்டியும் சட்டம் உக்காமல் நிற்பதற்கு அந்தக் குளிர்காற்றுத்தான் காரணம். சாமியறையில் சப்பாணி கட்டி இருக்கிற அம்மாவுக்கு முழங்கால் விறைப்பதற்கும் அதுதான் காரணம்.

இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்க்கத் தெரியாதவன் பழைய வீட்டில் கை வைக்கக் கூடாது. ஒரு வீட்டில் முந்தின சொந்தக்காரர் குளிர் வருகிறது என்று எயார் பிறிக் எல்லாவற்றையும் சீமெந்து பூசி அடைத்திருந்தார். பலகையைக் கழற்றிவிட்டு, சுவருக்குள் போகிற சட்டத்தின் நுனியில் ஸ்குறூட்றைவரை வைத்தேன். கேக்கில் இறங்குவதுபோல இறங்கியது. சூடு போடக் கூப்பிட்டவர்கள் முதலில் தச்சனுக்குக் காசு கொடுக்க வேண்டி வந்தது.

மரம் நல்லதாக இருந்தால் வழி இருக்கிறது. சட்டங்களுக்கு நடுவே வலை கட்டி, ஈரத்தை வெளியே விடுகிற காப்புப் பஞ்சை இறுக்கமில்லாமல் நிரப்புவோம். அதற்கு மேல் பள்ளம் வைத்த அலுமினியத் தகடு, பள்ளத்துக்குள் பைப், மேலே பலகை. வெற்றிடத்துக் காற்றோட்டத்தைத் தொடக் கூடாது. இடையில் எனக்கு முன்னே வந்த பிளம்பர்கள் தங்கள் பைப்பைக் கொண்டுபோகச் சட்டத்தில் வெட்டிய வெட்டுகளையும் பார்க்க வேண்டும். சில சட்டங்களில் மரத்தைவிட வெட்டு அதிகம்.

அதன் பிறகும் கணக்கு ஒன்று மிச்சம் இருக்கிறது. ஆட்கள் புழங்குகிற இடத்தில் நிலத்தின் மேற்பரப்பு 29 பாகையைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பியத் தரநிலை. மரத்தளம் என்றால் 27 பாகையோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். அறை 20 பாகையில் இருக்க, ஒரு சதுர மீற்றர் நிலம் 100 வாற் அளவுக்கு மேல் தராது. மரம் அதைவிடக் குறைவு. முன்பக்கம் பிதுங்கிய பெரிய யன்னல், ஒற்றைக் கண்ணாடி, இடையில் வெற்றிடமில்லாத ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் என்று இருக்கிற அறை, குளிர் முற்றிய நாளில் அதைவிட அதிகமாக இழக்கக்கூடும். அப்போது நிலம் இதமாக இருக்கும், அறை குளிரும். அதனால் முதலில் யன்னலை மாற்றுங்கள், புகைபோக்கியை அடையுங்கள், பிறகு என்னைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வருவேன். இப்படியே சொல்லித் திரிந்தால் தொழில் செய்தமாதிரித்தான் என்று என்னோடு வேலை செய்கிறவர் ஏசுவார். ஏசட்டும்.

ஹரோ, வெம்பிளிப் பக்கம் மெற்றோபொலிற்றன் ரயில் பாதையோடு வளர்ந்த 1930களின் இரட்டை வீடுகளில் இன்னொரு குழப்பம். முன் அறைகள் மரம், குசினி கொங்கிறீற். கொங்கிறீற்றுக்கு அடியில் காப்பு என்று ஒன்று இராது. தோண்டி எடுத்துப் புதிதாகப் போடலாம். தூசியும் செலவும் தாங்குகிறவர்கள் குறைவு. தோண்டாமல், பைப்புக்குப் பள்ளம் வைத்த மெல்லிய பலகையை மேலே ஒட்டலாம். 15, 20 மில்லிமீற்றர்தானே என்பார்கள். ரைல்ஸ்சும் சேர்ந்து நிலம் உயர, கதவுகளை அடியில் வெட்ட வேண்டும், மாடிப்படியின் முதற்படி மற்றப் படிகளைவிடக் குட்டையாகிவிடும். இருட்டில் இறங்குகிற வயதானவர்களுக்கு அந்த வித்தியாசம் போதும் விழுவதற்கு.

1950, 60களில் கட்டிய வீடு என்றால் கம்பளத்தைத் தூக்கிப் பார்க்கும்வரை நான் விலை சொல்வதில்லை. அடியில் ஒன்பது அங்குலச் சதுர ரைல்ஸ், கறுத்தத் தார்ப் பசை என்று தெரிந்தால் கருவியைக் கீழே வைத்துவிடுவேன். ரைல்ஸிலும் பசையிலும் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். பிரித்தானியாவில் அதை முற்றாகத் தடைசெய்ததே 1999இல்தான். துண்டு ஒன்று பரிசோதனைக்குப் போய் முடிவு வந்த பிறகுதான் மிச்சக் கதை.

அந்தக் காலத்து அடுக்குமாடிகள் சிலவற்றில் கொங்கிறீற்றுக்குள் மின்கம்பி புதைத்து, மலிவான இரவுக் கரண்டில் நிலத்தைச் சூடாக்கினார்கள். விடியற்காலை வெக்கை, ஆட்கள் வேலையால் வருகிற நேரம் குளிர். கம்பி அறுந்தால் தளத்தை உடைக்காமல் திருத்த முடியாது. இந்த ஊருக்கு நிலத்தைச் சூடாக்குவது புதிதும் அல்ல. லோவர் தேம்ஸ் வீதியில் 1848இல் நிலக்கரிச் சந்தைக்கு அத்திவாரம் தோண்டியபோது உரோமர் காலத்துக் குளியலறை ஒன்று வெளிப்பட்டது. சிறு ஓட்டுத்தூண்களின் மேல் நிலத்தை நிறுத்தி, அடுப்பின் வெக்கையை அடியால் விட்டிருக்கிறார்கள். இப்போது ஓர் அலுவலகக் கட்டடத்தின் கீழே இருக்கிற அதை நான் தொழில்முறையாகத்தான் பார்த்தேன். வேலை சுத்தம். ஆனால் விறகு போட ஆள் வேண்டும். அவர்களுக்கு அடிமைகள் இருந்தார்கள்.

ஹீற் பம்புக்கு அரசாங்கம் 7,500 பவுண் மானியம் கொடுக்கத் தொடங்கிய 2023க்குப் பிறகு தொலைபேசி அடிப்பது கூடியிருக்கிறது. ஹீற் பம்ப் குறைந்த சூட்டுத் தண்ணீரில்தான் நன்றாக ஓடும் என்பதால் நிலத்துச் சூட்டுக்குப் பொருத்தம். இருந்தும் எனக்கு வருகிற வேலைகளில் முக்கால்வாசி பழைய வீட்டின் பின்னால் புதிதாக இழுத்துக் கட்டுகிற குசினிதான். எனக்குப் பிடித்ததும் அதுதான். ஒரே கூரைக்குக் கீழே முன்பாதிக்கு நூற்றுச் சொச்சம் வயது, பின்பாதிக்கு ஒரு மாதம். முன்னுக்கு ரேடியேற்றர், பின்னுக்கு நிலம். பொயிலர் அனுப்புகிற கொதிதண்ணீரோடு, திரும்பி வருகிற தண்ணீரைக் கலந்து நிலத்துக்கு இறக்கி அனுப்ப ஒரு வால்வு. வேறு தேர்மோஸ்ராற், வேறு நேர அட்டவணை.

அங்கேதான் வீட்டுக்காரரோடு சண்டை வரும். ரேடியேற்றர் பழக்கத்தில், காலையில் ஒரு மணித்தியாலம், இரவில் ஒரு மணித்தியாலம் போட்டு நிறுத்துவார்கள். 75 மில்லிமீற்றர் சீமெந்து சூடேறவே மணிக்கணக்கு எடுக்கும். ஏறுகிற நேரத்தில் ஐயா போய் நிறுத்திவிடுவார், பிறகு வேலை சரியில்லை என்று எனக்கு அழைப்பு வரும். நிறுத்தாதீர்கள், இரண்டு மூன்று பாகை குறைத்து விடுங்கள் என்றால் காசைக் கரியாக்கச் சொல்கிறான் என்று பார்ப்பார். அரிசி மூட்டை வைக்கிற மூலையைக் காட்டச் சொல்லியும் கேட்பேன். அங்கேயும் அலுமாரிகளுக்குக் கீழேயும் பைப் ஓடக் கூடாது. வெதுவெதுப்பில் வண்டு சீக்கிரம் பெருகும்.

இல்ஃபோர்டில் ஓர் அன்ரி வீட்டில் கார்த்திகை கடைசியில் ஸ்கிரீட் ஊற்றினோம். "பொங்கலுக்குள்ள ரைல்ஸ் போட்டு முடிச்சுத் தரவேணும்" என்றார். சீமெந்து ஸ்கிரீட் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர் கணக்கில்தான் காயும், 75 மில்லிமீற்றர் தடிப்புக்கு இரண்டரை மாதமாவது வேண்டும் என்றேன். "பைப்பில சூட்டைப் போட்டுக் காயவைக்க ஏலாதே?" ஏலாது, 21 நாள் தாண்ட முதல் சூடே காட்டக் கூடாது, பிறகும் 25 பாகையில் தொடங்கி மெல்ல மெல்லத்தான் ஏற்றலாம், இல்லாவிட்டால் வெடிக்கும். ஈரமானி 75 வீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் ரைல்ஸ் ஒட்டலாம். அன்ரி ஒன்றும் சொல்லவில்லை. தைப்பொங்கலன்று சாம்பல் நிற ஸ்கிரீட்டிலேயே மாக்கோலம் போட்டு, காஸ் அடுப்பை வைத்துப் பொங்கிவிட்டார். மாசியில் வந்த ரைல்ஸ்காரர், மாவின் மேல் பசை பிடிக்காது என்று கோலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அதற்குத் தனியாக இருபது பவுண் கேட்டார். அன்ரி கொடுக்கவில்லை. என்னுடைய பில்லில் கழிக்கச் சொன்னார்.