டீசல் மூடி

ஜனவரி 16, 2025

பொங்கலுக்கு முந்தின இரவு பெய்த மழையில் மேட்டு மண் கரைந்து கல் ஒன்று உருண்டு வந்து எங்கள் வான் வண்டியில் மோதியிருக்கிறது. இடதுபக்கம், இழுவைக் கதவுக்குப் பின்னால் உள்ள தகடு. முழங்கை நீளத்துக்கு உள்ளே போய்விட்டது. பெயின்ட் உரிந்து, ஓரிடத்தில் வெறும் இரும்பு தெரிகிறது.

வீட்டுச் சுவரில் விழாமல் வண்டியில் விழுந்ததே என்று அம்மா விளக்கேற்றினார். டிசம்பரில் பக்கவாதம் வந்த பிறகு அப்பாவால் திண்ணையை விட்டு இறங்க முடியவில்லை. போனில் படம் எடுத்துப்போய்க் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். அடிபட்ட இடத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “இது நம்ம வண்டி கலர் இல்லையே” என்றார்.

ஜனவரி 17

மழை. வெறும் இரும்பின் மேல் பொலித்தீன் ஒட்டினேன். காற்று பிய்த்தது. மறுபடி ஒட்டினேன்.

ஜனவரி 19

இன்று முழுக்க வண்டியோடு இருந்தேன்.

டொல்பின் ஹயஸ், 1994இல் ஜப்பானில் செய்தது. அப்பா வாங்கும்போதே பழையது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றினார், கதிர்காமத்துக்கும் மடுவுக்கும் ஆட்களைக் கொண்டுபோனார். 2022இல் டீசலுக்கு வரிசையில் கிடந்த இரவுகளில் பின் சீட்டுகளைக் கழற்றிப் பலகை போட்டுப் படுத்தார். பிறகு வெளிநாட்டுக்காரர்கள் திரும்பி வரத் தொடங்கியதும் அந்தப் பலகை மெத்தையாயிற்று. காஸ் அடுப்பும் தண்ணீர்த் தாங்கியும் ஏறின. கூரையில் ஃபைபர் பெட்டி ஒன்று முளைத்தது. நக்கிள்ஸ் மலைக்கு வருகிறவர்கள் லூலுவத்தை தாண்டி மீமுரே வரை போய் வானுக்குள்ளேயே தூங்கி எழுந்து வந்தார்கள். எங்கள் வீட்டில் ஒரு சம்பளம் என்னுடையது, இன்னொன்று இந்த வண்டியுடையது.

நிறத்துக்கு ஒரு குறியீடு உண்டு. கம்பெனித் தகட்டில் ‘சி/டிஆர்’ என்ற வரியில் முதலில் இருப்பது பெயின்ட் எண், அடுத்தது உள்ளலங்காரத்துடையது. சுரண்டித் துடைத்துப் பார்த்தேன். எண்ணின் கடைசி எழுத்தைத் துரு தின்றுவிட்டது.

ஆனால் இன்னொன்று கண்ணில் பட்டது. கதவு ரப்பரை விரலால் விலக்கினால், அடியில் வெயிலே படாத ஒரு கோடு. ஆழமான சாம்பல் நீலம், அதற்குள் பொடிப்பொடியாக வெள்ளி மினுக்கம். ரப்பருக்கு வெளியே இரண்டு அங்குலம் தள்ளி அதே வண்டி வெளிறி, சற்றே பச்சை கலந்தாற்போல் நிற்கிறது. மூடுபனி நாளில் பார்த்தால் வேறு, வெயிலில் வேறு. கூரை கிட்டத்தட்டச் சுண்ணாம்பு. அப்பா சொன்னது ரப்பருக்கு அடியில் இருக்கும் நிறத்தைத்தானா?

இரவு அண்ணன் கொழும்பிலிருந்து பேசினான். “எல்லாத்தையும் வெள்ளையா அடிச்சு வித்துருவோம் பாப்பா. அப்பா இனி ஓட்டப் போறதில்ல.” நிறம் மாற்றினால் பதிவுப் புத்தகத்திலும் மாற்ற வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

ஜனவரி 25

தெல்தெனியவில் பெயின்ட் வேலை செய்யும் பாஸ் சொன்னபடி டீசல் மூடியைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி, பஸ்ஸில் கட்டுகஸ்தோட்டையில் பெயின்ட் கலக்கும் கடைக்குக் கொண்டுபோனேன். மாதிரிக்கு அதைவிட நல்லது இல்லையாம்: சின்னது, கழற்றலாம், வண்டி பட்ட வெயில் அதுவும் பட்டிருக்கிறது. கொண்டுபோகுமுன் கட் பொலிஷ் போட்டுத் தேய்க்கச் சொல்லியிருந்தார். தேய்க்காவிட்டால் கடைக்காரர் அழுக்குக்குத்தான் நிறம் கலப்பார்.

கடைக்காரர் வயதான மனிதர். மூடியை வாங்கியதும் பெயரையோ ஊரையோ கேட்கவில்லை, வண்டியின் வருஷத்தைக் கேட்டார். “வெள்ளையா இருந்தா 040னு சொல்லியிருப்பீங்க, நானும் கண்ண மூடிட்டு ஊத்தியிருப்பேன் மகள். அதுகூடப் பழசானா மஞ்சளாகிரும். இது மெட்டாலிக். கொஞ்சம் இரிங்க.”

அவரிடம் நிறம் வாசிக்கும் கருவி இருக்கிறது. மூடியின் மேல் அழுத்தினார். திரையில் ஒரு கணக்கு வந்தது. அதை நம்பித் தராசில் டப்பாவை வைத்து வெள்ளி, நீலம், பிறகு துளித்துளியாகக் கறுப்பு என்று கிராம் கிராமாக விட்டார். ஒரு அட்டையில் அடித்துக் காயவைத்து மூடியின் பக்கத்தில் பிடித்தார். டியூப் லைட்டின் கீழ் இரண்டும் ஒன்றுதான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவர் தலையாட்டவில்லை. என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டுபோய் வெயிலில் பிடித்தார். அட்டை நீலமாகப் பாய்ந்தது. மூடி பச்சைப் பக்கம் ஒதுங்கியது. ஒரே நிறத்தை வேறு வேறு பொடிகளால் கலந்தால் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாயிருக்கும், மற்றதில் பிரிந்துவிடும் என்றார். பிறகு அட்டையைச் சாய்த்தார். நேரே பார்க்கையில் வெளிர், பக்கவாட்டில் பார்க்கையில் இருட்டு. உள்ளே கிடக்கும் அலுமினியத் துகள்கள் படுக்கிற விதத்தால் அப்படி. ஸ்ப்ரே கன்னின் காற்றழுத்தமும் தின்னரின் அளவும் மாறினாலே அவை வேறு மாதிரிப் படுக்கும். பிரஷ்ஷால் தொட்டுவைத்தால் ஒழுங்கில்லாமல் கிடந்து கரும்புள்ளியாகத் தெரியும்.

“புது வண்டிக் கலரா, இப்ப இருக்கிற கலரா? எது வேணும்?” என்று கேட்டார்.

உடனே பதில் வரவில்லை. இப்போது இருப்பதுதான் என்றேன். கடைக்குள் போய் மறுபடி கலக்கத் தொடங்கினார். நேரம் போய்விட்டது, அடுத்த முறை வரச் சொன்னார். மூடி அவரிடம். வண்டியின் டீசல் வாய்க்குத் துணி அடைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 1

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி இன்றிலிருந்து தனியாருக்கும் திறக்கிறது. அண்ணன் காலையிலேயே போன். புதியவை வந்தால் பழைய வான்களின் விலை இறங்கும், இந்த மாதமே விற்க வேண்டும் என்கிறான். அவன் சொல்வது கணக்குப்படி சரி. அப்பா சாப்பிடவில்லை.

பிப்ரவரி 9

தெல்தெனிய கராஜில் தகட்டை நெம்பி, புட்டி இழுத்து, வாட்டர் பேப்பரால் தேய்த்து, பாஸ் பிரைமர் அடித்துக்கொண்டிருந்தார். பதினொன்றரை இருக்கும். கம்ப்ரசர் ஓய்ந்தது. கராஜ் மட்டுமில்லை, கடைத்தெரு முழுக்க. கொஞ்ச நேரத்தில் நாடு முழுக்க என்று தெரிந்தது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததால் என்று அமைச்சர் சொன்னாராம்.

பாஸோடு படியில் உட்கார்ந்திருந்தேன். கீழே விக்டோரியா நீர்த்தேக்கம். பழைய தெல்தெனிய அதற்கடியில் கிடக்கிறது, அவருடைய அப்பாவின் கடையும் அங்கேதான் இருந்ததாம். அதிகம் சொல்லவில்லை. அடிபட்ட இடத்தோடு நிறத்தை நிறுத்தினால் எல்லை தெரியும், அதனால் பக்கத்துத் தகட்டுக்குள்ளும் மெல்ல மெல்லக் கரையவிட்டு, பிறகு முழுத் தகட்டுக்கும் கிளியர் கோட் அடிக்க வேண்டும் என்று காற்றில் கையை அசைத்துக் காட்டினார். ஈரம் அதிகமான நாளில் அடிக்க மாட்டாராம். தின்னர் பறக்கும்போது தகடு குளிர்ந்து, மேலே நீர் படிந்து, பெயின்ட் பால் போல வெளுத்துவிடும். எங்கள் ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஈரமில்லாத நாள் எது?

பிப்ரவரி 11

தைப்பூசம். இன்றும் மின்வெட்டு. அப்பா இடது கையால் தேநீர்க் கோப்பையைத் தானே பிடித்தார்.

பிப்ரவரி 22

கடைக்காரர் எனக்காக நான்கு அட்டைகள் அடித்து வைத்திருந்தார். மூன்றாவது. வெயிலிலும் நிழலிலும் சாய்த்தும் நிமிர்த்தும் பார்த்தோம். துளி மஞ்சள்தான் குறைந்திருந்தது என்றார். நூறில் நூறு இல்லை, எனக்கு அழுகை வரும் அளவுக்குப் போதும். வேலைக்குக் கால் லீட்டர் போதுமென்றார். நான் ஒரு லீட்டர் கேட்டேன்.

“விக்கிற வண்டின்னீங்களே மகள்?”

டப்பாவின் மேல் கலவைக் கணக்கை எழுதித் தரச் சொன்னேன். பென்சில் அழியும், மார்க்கரால்.

பிப்ரவரி 23

மூன்றாவது அட்டையை அப்பாவிடம் கொடுத்தேன். ரப்பருக்கு அடியில் இருந்த நிறத்தையும் படமெடுத்துக் காட்டினேன். படத்தைப் பார்த்து, “இதுதான்” என்றார். அட்டையை நெடுநேரம் வைத்திருந்தார். “இது யாரு வண்டி?” என்று கேட்டார். மருந்தின் மயக்கமா, கேள்வியா, தெரியவில்லை. திரும்ப வாங்கப் போனேன், விடவில்லை.

மார்ச் 2

நிறம் அடித்தாயிற்று. கிளியர் இல்லை, இரண்டு நாளாகத் தூறல், பாஸ் கன்னைத் தொடமாட்டேன் என்கிறார், அவர் சொல்வதுதான் சரி. கிளியர் ஏறாமல் தகடு மங்கலாகக் கிடக்கிறது, பொருந்துகிறதா இல்லையா என்று இப்போது சொல்ல முடியாது. அண்ணன் வெள்ளிக்கிழமை ஒரு ஆளைக் கூட்டிவருகிறேன் என்கிறான், விலை பேச. மீமுரேக்கு நான்கு பேர் 15ஆம் திகதி கேட்டிருக்கிறார்கள், பேராதனைப் பல்கலைக்கழகப் பிள்ளைகள். வழியில் வரும் கோபட்ஸ் கெப் பாதையில் இந்த வண்டியை நான் இதுவரை ஓட்டியதில்லை. முற்பணம் அனுப்பச் சொல்லிவிட்டேன். பின் டயர்களைப் பார்க்க வேண்டும், காஸ் குழாயும் மாற்ற வேண்டும்.