மானாப்புல் மூடிய மலை

கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் புகையிரதம் பட்டிப்பொலைச் சுரங்கத்தைக் கடந்ததும் ஊவா ஆரம்பமாகிறது. ஆடி, ஆவணி மாதங்களில் சுரங்கத்துக்கு முன்னால் மழை பெய்யும்; வெளியே வந்தால் வெயில் எறிக்கும். தென்மேல் பருவக்காற்று தன் மழையையெல்லாம் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, ஊவாவுக்குள் வறண்ட காற்றாக இறங்குகிறது. ஊவாத் தேயிலைக்குப் பேர்போன வாசனையைக் கொடுப்பது இந்தக் காற்றுத்தான். மலையில் பற்றிய தீயை ஊதிப் பெருக்குவதும் இதுவே.

2025 ஆவணியில் பெண்கள் குழுவொன்றின் கூட்டத்துக்காக அங்கே போயிருந்தேன். இதை வாசிக்கும் சகோதரிகள் பலருக்கு அது தாய்வீட்டு மண். 1977 கலவரத்துக்குப் பின்னர் மலையகத் தோட்டங்களிலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் வந்து குடியேறிய குடும்பங்கள் எத்தனை!

கூட்டம் நடந்த தோட்டம் பசறை வீதியை அண்டியது. 2,000 மீற்றருக்கு மேல் உயர்ந்த நமுனுகுல மலை எதிரே தெரியும். லயத்துக்கு மேலேயுள்ள சரிவு முன்னைய ஆண்டுகளில் இரண்டு தடவை எரிந்ததாம். ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் எரிந்த இடமென்றே தெரியாது. புல் ஆளுயரத்துக்கு நின்றது.

"முதல் மழை விழுந்த மூணாம் நாளே பச்சை காட்டிரும் மிஸ். ஆனா அது மானாப்புல்லு, மரமில்ல" என்றார், ஓய்வுபெற்ற கொழுந்துத் தொழிலாளியான ஒரு பாட்டி.

நான் படித்தது சமூகவியல். ஆனாலும் பாட்டி சொன்னது பின்னர் தேடி வாசித்தவற்றோடு ஒத்துப்போகிறது. மானாப்புல்லின் மேல்பாகம் எரிந்தாலும் அடித்தூர் மண்ணுக்குள் உயிரோடிருக்கும். மலைக்காட்டு மரங்கள் அப்படியல்ல. ஈரத்திலும் மூடுபனியிலும் வளர்ந்தவை அவை, தீக்குப் பழகாதவை. இதே ஊவாவில் பிபிலை, நில்கலைப் பக்கத்துத் தாழ்நிலத்தில் நிற்கும் கடுக்காய், தான்றி, நெல்லி மரங்கள் தடித்த பட்டையால் தீயைத் தாங்கிக்கொள்ளும். மலைக்காடு எரிந்தாலோ விதையிலிருந்துதான் திரும்ப வரவேண்டும். அந்த விதைக்குப் பக்கத்திலே தாய்மரம் வேண்டும், நிழல் வேண்டும், முளைத்த பின்னர் சில வருடங்களுக்குத் தவறாத ஈரமும் வேண்டும்.

இங்கேதான் காலநிலை மாற்றம் குறுக்கே நிற்கிறது. கைத்தொழில் யுகத்துக்கு முந்திய காலத்தைவிட உலகின் சராசரி வெப்பநிலை 1 பாகை செல்சியசுக்கு மேல் உயர்ந்துவிட்டது. வெப்பம் கூடும்போது மண் விரைவாகக் காய்கிறது, நாற்று கருகுகிறது. அமெரிக்காவின் ரொக்கி மலைத்தொடரில் தீ எரித்த ஏறத்தாழ 1,500 இடங்களை ஆய்வாளர்கள் பார்த்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு மரக்கன்றுகூட முளைக்காத இடங்கள், 2000க்கு முந்திய தீக்களில் நூற்றுக்கு 19. பிந்திய தீக்களில் 32. அது வேறு நாடு, வேறு மரம். ஆனாலும் பாட்டியின் மலையைப் பார்த்தபோது அந்தக் கணக்கு ஞாபகத்துக்கு வந்தது.

எங்கள் மலைகளில் தீயை மூட்டுவது பெரும்பாலும் மனிதர்தான். மாட்டுக்கு இளம்புல் வேண்டுமென்று, வேட்டைக்கென்று, சில வேளை சும்மா விளையாட்டுக்கு! 1970களிலும் 80களிலும் வெற்றுச் சரிவுகளில் பரவலாக நட்ட பைனஸ் மரங்களும் உதவுகின்றன. அவற்றின் ஊசிச் சருகு லேசில் உக்காது, பிசினோடு நின்று எரியும். 2025 பெப்ரவரியில் எல்ல பாறைப் பகுதியில் பற்றிய தீயை அணைக்க விமானப்படை ஹெலிகொப்டரே வரவேண்டியிருந்தது.

லயத்துப் பெண்களுக்கு இது தண்ணீர்ப் பிரச்சினை. சரிவின் அடியில் ஒரு பீலி உண்டு. முன்பு கோடையிலும் கைப்பருமனில் விழுந்த தண்ணீர், நான் பார்த்தபோது விரல் பருமனில் விழுந்தது. மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்தவர்கள் குடத்தோடு வரிசையில் இருந்தார்கள். ஆண்கள் ஒருவரையும் அந்த வரிசையில் நான் காணவில்லை.

"உங்க ஊருல எரிஞ்ச மரமெல்லாம் திரும்பி வந்துச்சா மிஸ்?" என்று பாட்டி கேட்டார். ஷெல்லடியில் தலை போன பனை திரும்பத் துளிர்க்காது என்றேன். ஆனால் அதன் அடியில், விழுந்த விதையிலிருந்து வடலிகள் வந்திருக்கின்றன என்றும் சொன்னேன். அவர் மேலே சரிவைப் பார்த்தார். அங்கே விதை போடப் பக்கத்தில் மரமில்லை.

நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. பதுளை மாவட்டத்தில் மலைகள் சரிந்து பலர் மாண்டார்கள். எரிந்த சரிவும் சரிந்தது, எரியாத சரிவும் சரிந்தது. அந்த மழைக்கு எதுவும் தாங்கவில்லை. ஆகவே தீயை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். பல நாட்களின் பின்னர்தான் பாட்டியின் மகளோடு தொலைபேசியில் பேச முடிந்தது. லயம் தப்பிவிட்டது. எரிந்த சரிவின் மேல்மண் வழிந்து வந்து பீலியை மூடியிருக்கிறது. ஐந்தாறு பெண்கள் மண்வெட்டியோடு போய்த் தோண்டித் திறந்தார்களாம்.

"தண்ணி வருது மிஸ்" என்றார். "ஆனா இன்னும் செவப்பாத்தான் வருது. துணியில வடிகட்டி எடுக்கிறோம்."