பின்னால் மிதித்தால் பிரேக்

நெதர்லாந்தில் ஆட்களைவிடச் சைக்கிள்கள் அதிகம். சுமார் 1 கோடியே 80 லட்சம் பேருக்கு 2 கோடியே 30 லட்சம் வண்டிகள் என்று கணக்குச் சொல்கிறார்கள். உட்ரெக்ட் நகரத்தில் வீடு பிடித்து, சாமான்களை இறக்கியதும் நான் வாங்கிய முதல் பெரிய பொருளும் அதுதான். குரங்குப்பெடலில் தொடங்கி டியூஷன், ரேஷன் கடை என்று மிதித்துத் தேர்ந்த கால்கள். ஆனால் அந்தத் தேர்ச்சியில் பாதி இங்கே செல்லாது.

நூற்றுச் சொச்சம் யூரோவுக்குக் கிடைத்த பழைய வண்டி. ஹேண்டில்பாரில் பிரேக்கே கிடையாது. பெடலைப் பின்னால் மிதித்தால் பின்சக்கரம் நிற்கும். ஊரில் இறக்கத்தில் உருளும்போது பெடலைச் சும்மா பின்பக்கம் சுற்றிக்கொண்டே வருவோமே, அந்தப் பழக்கம் உள்ளவர் இதில் நடுவழியில் சட்டென்று நின்றுபோவார். சிக்னலில் வேறு தொல்லை. கிளம்ப வாகாகப் பெடலை மேலே கொண்டுவரலாம் என்றால் பின்னால் சுற்ற முடியாது. பின்சக்கரத்தைத் தூக்கி, கால்நுனியால் பெடலை முன்பக்கம் தள்ள வேண்டும். பச்சை விழுந்துவிட்டால் அதற்கெல்லாம் நேரம் ஏது? உள்ளூர்க்காரர்கள் நிற்கும்போதே வலது பெடல் மேலே இருக்கும்படி நிற்கிறார்கள்.

இதெல்லாம் சில நாளில் காலுக்குப் பழகிவிடும். யாருக்கு யார் வழிவிடுவது என்பது அப்படிப் பழகுவதில்லை. நம் தெருக்களில் அதைக் கண்ணும் பெல்லும் அங்கேயே பேசி முடித்துவிடும். இங்கே தரையில் எழுதியிருக்கிறது. சந்திப்பில் வெள்ளை முக்கோணங்கள் வரிசையாக இருக்கும். கூர்முனை நம்மைப் பார்த்திருந்தால் நாம் வழிவிட வேண்டும். எந்தக் குறியும் இல்லாவிட்டால் வலப்பக்கமிருந்து வருபவருக்கே வழி, அவர் காரில் வந்தாலும் சைக்கிளில் வந்தாலும். ஆகவே வழி நமக்கு என்றால் போய்விட வேண்டும். மரியாதைக்கு நின்று ‘நீங்க போங்க சார்’ என்று கை காட்டினால் கார்க்காரர் குழம்புகிறார். சைக்கிளின் முன்பெட்டியில் இரண்டு பிள்ளைகளை உட்காரவைத்து நம் பின்னால் வருகிற அம்மா திடீர் பிரேக் போடுகிறார். என்னைக் கேட்டால் இந்த ஊரில் தயக்கம்தான் பெரிய ஒழுங்கீனம். கையை நீட்டாமல் திரும்புவது அதற்கு அடுத்தபடி.

டச்சுக்காரர்களுக்குச் சைக்கிள் ரத்தத்தில் ஊறியது என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். 1971-இல் இந்நாட்டுச் சாலைகளில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்ற பெயரிலேயே ஓர் இயக்கம் கிளம்பி, பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே தடை போட்டார்கள். அதற்குப் பிறகுதான் நகரங்களுக்குள் சிவப்பு நிறத் தனிப்பாதைகள் பெருகின. இன்று உட்ரெக்ட் ரயில் நிலையத்தின் அடியில் மூன்று தளங்களில் 12,500 சைக்கிள்களை நிறுத்தலாம். 2019-இல் முழுதாகத் திறந்தது. உள்ளே ஓட்டிக்கொண்டே போகலாம், முதல் 24 மணி நேரம் காசில்லை. எந்தத் தளம், எந்த வரிசை என்பதை மட்டும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ரயில் வருகிற நேரத்தைவிடத் தேடுகிற நேரம் அதிகமாகிவிடும்.

மேடு இல்லாத நாடு என்று எல்லோரும் சொல்லி அனுப்பினார்கள். எதிர்காற்றைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

படிக்கவோ வேலைக்கோ இங்கே வரப்போகிறவர்கள் வண்டியில் மிச்சம் பிடியுங்கள், பூட்டில் பிடிக்காதீர்கள். பின்சக்கரப் பூட்டோடு தடித்த சங்கிலி ஒன்றும் வேண்டும். இருட்டில் முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு விளக்கு இல்லாவிட்டால் அபராதம். கையில் போனோடு ஓட்டினாலும் அபராதம். பழகுவதற்கு ஞாயிறு காலை நல்லது. வேலை நாளில் காலை எட்டரைக்கு, கடைத்தெரு நடுவே போகும் வ்ரேடன்பர்க் பாதையில் மட்டும் முதல் பாடத்தைத் தொடங்காதீர்கள்.