இறக்குவானையில் ஒரு வாலை

இரத்தினபுரியிலிருந்து பெல்மதுளை, கஹவத்தை ஆகிய ஊர்களைக் கடந்து மாதம்பைச் சந்தியில் திரும்பினால் இறக்குவானையை அடையலாம். மலைச்சரிவெங்கும் தேயிலை, பள்ளத்தில் இரத்தினக்கல் குழிகள், அப்பால், புலுத்தோட்டைக் கணவாயின் கொண்டையூசி வளைவுகள் வழியே தெனியாயைக்குப் பாதை ஏறுகின்றது.

சென்ற விடுமுறையில் என் பழைய மாணவர் ஒருவர் அங்கே அழைத்திருந்தார். நீரிறைக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது அவர் தொழில். "சேர், ஒரு வாலை கட்டியிருக்கிறேன். நீங்கள் பார்த்த பின்புதான் அடுப்பு மூட்டுவேன்" என்றார்.

2022ஆம் ஆண்டின் எரிபொருள் பஞ்சத்தை யார் மறப்பார்? அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. அன்று தோன்றிய எண்ணமே இது. கழிவு எஞ்சின் எண்ணெயைப் பீப்பாயில் காய்ச்சி, செப்புச் சுருள்குழாயில் ஆவியைக் குளிரவைத்து, எரிபொருளாக வடித்தெடுப்பது அவர் திட்டம். கறுவா இலைத் தைலம் வடிக்கும் கொட்டில் ஒன்றைக் கண்டு அமைப்பைக் கற்றிருந்தார்.

யாழ்ப்பாணத்தில் போர்க்காலத் தடையின்போது மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய மக்கள் நாம். ஆகவே அவர் முயற்சியை நான் எள்ளவில்லை. ஆயினும் இரு வாலைகளுக்குமுள்ள வேற்றுமையைக் கூறினேன்.

"தம்பி, கறுவாத் தைலத்தை நீராவி சுமந்து வருகிறது, வெப்பம் நூறு பாகையளவே. நீராவி தீப்பற்றாது. எஞ்சின் எண்ணெயோ முந்நூறு பாகைக்கு மேல்தான் ஆவியாகும். அந்த வெப்பத்தில் அதன் மூலக்கூறுகள் சில உடைந்து பெற்றோல் போன்ற மெல்லிய ஆவிகளும் பிறக்கும். பீப்பாயின் ஒட்டில் ஊசிமுனைத் துவாரம் இருந்தாலும் அவ்வாவி கீழுள்ள விறகு நெருப்பைத் தேடிச் செல்லும். வடிந்ததை மண்ணெண்ணெய் என்று நம்பி விளக்கில் ஊற்றினால், விளக்கே வெடிகுண்டாகும். அடியில் எஞ்சும் கசடில் தேய்ந்த உலோகங்கள் இருக்கும். அதை ஓடையில் கொட்டினால் இறக்குவானை கங்கை வழியாக வளவை கங்கைக்குப் போய்ச் சேரும்."

சுத்திகரிப்பு ஆலைகள் இதே வேலையைக் காற்றகற்றிய மூடிய கலன்களிற் செய்கின்றன. வெற்றிடத்தில் எண்ணெய் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாவதால் உடைவதில்லை. சீமெந்து ஆலைகளின் சூளையோ 1,450 பாகை வெப்பமுடையது. கழிவெண்ணெயை அது முற்றாக எரித்துவிடும். கொட்டிலில் இவ்விரண்டும் கைகூடா.

மாணவர் நெடுநேரம் பேசவில்லை. கொட்டிலுக்குப் பத்தடி தள்ளி அவருடைய லயத்து அறை. வாசலிற் குழந்தையொன்று விளையாடிக்கொண்டிருந்தது. அதனை ஒருமுறை பார்த்தார். பின்னர் சாவியை எடுத்துச் சுருள்குழாயைக் கழற்றத் தொடங்கினார்.

"எண்ணெயைப் பீப்பாயிலேயே மூடிவைத்துச் சேகரிப்பவர்களுக்கு விற்றுவிடுகிறேன், சேர். குழாய் புதியது, தைலக் கொட்டிலுக்கு உதவும்."

அடுப்பில் அடுக்கியிருந்த விறகை அவர் மனைவி எடுத்துச் சென்றார். அதிலேதான் எங்களுக்குத் தேநீர் கொதித்தது.